செவலைப் பால் ஏன் உறையவில்லை

வேதியியல் படித்த மருமகள் வீட்டுக்கு வந்தால் என்ன நன்மை என்று யாராவது கேட்டால், எங்கள் வீட்டுச் செவலை மாட்டிடம் போய்க் கேட்கச் சொல்வேன். அது பாட்டுக்கு வைக்கோலைத் தின்று, வைத்த தண்ணீரைக் குடித்து, கறந்தால் கறக்க விட்டுக்கொண்டிருந்த மாடு. அதை நான் தரகர் கையில் பிடித்துக் கொடுக்கிற நிலைமைக்குக் கொண்டுபோய்விட்டேன். கயிற்றைக்கூடத் தொடவில்லை. எல்லாம் என் வாயாலேயே நடந்தது.

மரக்காணத்துக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்தது 2004இல். பிறந்தது திண்டிவனம் பக்கம், மணிலாக்கொட்டை விளைகிற ஊர். கணவர் வீட்டில் உப்புப் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மாமனார் எப்போதோ காலமாகிவிட்டார். வீட்டில் கணவர், மாமியார், நான். கொட்டகையில் செவலை. மாமியாரின் வரிசையில் மகன் முதலில், செவலை இரண்டாவது. மூன்றாவது இடத்தை யாருக்குக் கொடுப்பது என்று அவர் இன்னும் முடிவு செய்யாமல் வைத்திருந்தார். எனக்கு அதில் பொறாமை இருந்தது. ஒரு மாட்டோடு போட்டி போடுகிறோமே என்ற வெட்கம்கூட இல்லாத பொறாமை.

அந்த வருஷக் கடைசியில் கடல் ஏறி வந்த காலையில், கழுவெளி ஏரிப் பக்கமிருந்து தண்ணீர் வருகிறது என்று கூச்சல் கேட்டது. ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓடினோம். கணவர் டிவியைத் தூக்கினார். நான் சுவரில் மாட்டியிருந்த என் சான்றிதழைக் கழற்றிக்கொண்டேன். மாமியார் செவலையின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, வயிற்றில் கன்றோடு அது எந்த வேகத்தில் நடந்ததோ அந்த வேகத்தில் நடந்தார். "உட்டுட்டு வாம்மா!" என்று கணவர் கத்தியதற்கு, "நீ போடா, நாங்க வர்றோம்" என்றார். அந்த 'நாங்க'வில் மாடும் சேர்த்தி. நல்லவேளை, தண்ணீர் எங்கள் தெருவுக்கு ஏறவில்லை. டிவிதான் ஓட்டத்தில் கைநழுவி விழுந்து உடைந்தது.

வீடு தப்பியது, பாத்திகள் தப்பவில்லை. வரப்பெல்லாம் கரைந்து, சேறு ஏறிக் கிடந்தது. அதைச் சரிசெய்வதற்குள் அடுத்த வருஷத்து வெயிலில் பாதி போய்விட்டது. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அப்புறம் தை வரைக்கும் உப்பளத்தில் வேலை கிடையாது. ஆவணி மாசம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கணவர், "செவலையைக் கன்னுக்குட்டியோட குடுத்துடலாம்னு பாக்கறேன்" என்றார். மாமியார் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த கரண்டி அப்படியே நின்றது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு சோற்றைப் பிசைந்திருக்கலாம்.

"விக்க வேணாங்க. பாலை சீஸாக்கி விக்கலாம். மாடு அது தீனியை அதுவே சம்பாதிச்சுக்கும்" என்றேன்.

இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் பால் பொருட்கள் தயாரிப்பது பற்றி ஓர் இலவசப் பயிற்சிக்குப் போயிருந்தேன். ஒரு வாரத்துக்குள் முடிந்துபோன பயிற்சி. அதில் கொடுத்த சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாங்கத்தான் அதிக நாள் பிடித்தது. கடல் வந்தபோது நான் காப்பாற்றியதும் அதைத்தான், என் பட்டச் சான்றிதழைக்கூட இல்லை. அது போதாதென்று, புதுச்சேரியில் வெள்ளைக்காரர்கள் வந்து போகிற ஒரு ரொட்டிக் கடையில் கொஞ்ச காலம் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். தினமும் சீஸைப் பார்த்த கண், தினமும் சீஸ் செய்த கை மாதிரி பேச ஆரம்பித்துவிட்டது.

அந்தக் கடை முதலாளியைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனுஷன். "கெட்டியா கட்டிச்சுன்னா வாரா வாரம் நானே எடுத்துக்கிறேம்மா" என்றார். பாலை உறைய வைக்கிற ரென்னெட் பொடியில் ஒரு சின்ன டப்பாவையும் கொடுத்தார். "சில பால் சரியா கட்டாது. அதுக்குக் கொஞ்சம் கால்சியம் குளோரைடு சேக்கணும். அதையும் எடுத்துக்கிறியா?" என்று கேட்டார்.

"சார், நாங்க உப்பளத்துல குடியிருக்கறோம். எங்களுக்கா தாது உப்புக்குப் பஞ்சம்?" என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். அவர் எதற்குச் சிரித்தார் என்று இப்போதுதான் எனக்குச் சந்தேகம் வருகிறது.

கணவர் ஒப்புக்கொண்டார். ஆனால் கறாராகச் சொல்லிவிட்டார். "மழை பிடிக்கற வரைக்கும் பாரு. அதுக்குள்ள கட்டலன்னா தரகர்கிட்ட சொல்லிடுவேன். அப்புறம் ரெண்டு பேரும் மூஞ்சைத் தூக்கி வச்சிக்கக் கூடாது." மாமியார் என்னைப் பார்த்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. சாமி படத்தைப் பார்க்கிற பார்வை அது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மிதப்பில்தான் அன்று சாயங்காலம் சுத்தம் பற்றி ஒரு சொற்பொழிவு நடத்தினேன். கை கழுவுவது எப்படி, மடி துடைப்பது எப்படி, பாத்திரம் தேய்ப்பது எப்படி, கண்ணுக்குத் தெரியாத கிருமி எங்கெங்கே உட்கார்ந்திருக்கும் என்று ஒன்று விடவில்லை. என் வயசுக்கு மேல் மாடு கறந்த அந்த அம்மாளைப் பார்த்து, "உங்க பால்ல எவ்ளோ கிருமி இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியாது அத்தை. ஒரு கிருமி இருந்தாலும் என் சீஸ் போச்சு" என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் "சரிம்மா" என்று மட்டும் சொன்னார். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற மாமியார் வெறும் "சரிம்மா" சொன்னால் சந்தேகப்பட வேண்டும். எனக்கு அந்த அனுபவம் அப்போது இல்லை.

ரென்னெட் எப்படி வேலை செய்கிறது என்றும் அவருக்கு விளக்கினேன். தயிருக்கு உறை ஊற்றினால் பால் புளித்துக் கட்டும், இதில் புளிப்பு வேண்டாம். பாலுக்குள் புரதம் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக மிதக்கிறது. ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க, ஒவ்வோர் உருண்டையும் மேலே முடி மாதிரி ஒன்றை வைத்திருக்கிறது. ரென்னெட் அந்த முடியைச் சிரைத்துவிடும். முடி போன உருண்டைகள் கால்சியத்தின் உதவியோடு ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். முக்கால் மணி நேரத்தில் பால் முழுவதும் ஒரே கட்டியாக நிற்கும்.

மாமியார் கவனமாகக் கேட்டார். "அப்போ பாலுக்கு மொட்டை போடற மருந்துன்னு சொல்லு" என்றார்.

என்னைக் கொட்டகைப் பக்கம் செவலை அண்டவிடாது. என் சோப்பு வாசனை பிடிக்காதோ, என் குரல் பிடிக்காதோ, கிட்டே போனால் காலைத் தூக்கும். அதனால் கறப்பது மாமியார், வாங்கிக்கொள்வது நான் என்று ஆனது. விடிந்ததும் அவர் கறந்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, பளபளவென்று தேய்த்த தூக்கில் ஊற்றிக் கொண்டுவந்து சமையலறையில் வைப்பார். தூக்கைத் தொட்டால் இளஞ்சூடாக இருக்கும். "பாத்தீங்களா, கறந்த சூடு ஆறல. பால்னா இப்படி இருக்கணும்" என்று கணவரிடம் பெருமையடித்தேன். அவர் அந்த நேரத்தில் சாவகாசமாக உட்கார்ந்து, கிண்ணத்தில் எதையோ சர்க்கரை போட்டுத் தின்றுகொண்டிருப்பார். பாலில் லேசாகப் புகை வாசனை வந்தது. கொட்டகையில் கொசுவுக்கு மூட்டம் போடுகிறார்களே, அதுதான் என்று முடிவு கட்டினேன். நான் எதையும் யோசிக்காமல் முடிவு கட்டுவதில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. யோசித்துத்தான் கட்டினேன்.

முதல் நாள் ரென்னெட்டைக் கரைத்து ஊற்றி, தட்டைப் போட்டு மூடி, சமையலறைப் பக்கம் யாரும் வரக் கூடாது என்று உத்தரவு போட்டேன். முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்தால் பால் பாலாகவே இருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டுப் பார்த்தேன். அடியில் மாவு மாதிரி கொஞ்சம் படிந்திருந்தது. கத்தியை விட்டு லேசாகத் தூக்கினால் கட்டி பளிச்சென்று பிளந்து, பிளவில் தெளிந்த தண்ணீர் நிற்க வேண்டும். அதுதான் சோதனை. நான் கத்தியை விட்டேன். கத்தி நனைந்தது.

மறுநாள் சூடு குறைவு என்று நினைத்துச் சூட்டைக் கூட்டினேன். அதற்கு மறுநாள் சூடு அதிகம் என்று குறைத்தேன். எங்கள் தெருக்குழாய்த் தண்ணீர் உப்பு என்பதால் ரென்னெட்டைக் கரைக்கக் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கி வந்தேன். பொடியை இரண்டு பங்கு போட்டேன். சில நாள் குழந்தை கக்கிய பால் மாதிரி திரிதிரியாக வந்தது. சில நாள் அதுவும் வரவில்லை. கெட்டுப்போன பாலையெல்லாம் கிளறிக் கிளறிக் கோவாவாக்கினேன். எங்கள் தெருவில் யார் வீட்டுக்குப் போனாலும் என் கோவா இருந்தது. "இன்னாம்மா, வீட்ல எதுனா விசேஷமா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

விசேஷம் ஒன்றும் இல்லை, கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று சிரிப்பாய்ச் சிரித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

படித்தவளுக்குத் தோல்வி வந்தால் முதலில் ஒரு காரணம் வேண்டும். வெயிலைச் சொன்னேன். பொடி பழசு என்றேன். தெர்மாமீட்டர் பொய் சொல்கிறது என்றேன். எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்த பிறகு, பதில் பேச முடியாத ஜீவன் ஒன்றுதான் பாக்கி இருந்தது.

"நான் இன்னாங்க பண்றது? இந்த உப்புத் தண்ணியைக் குடிச்சு, இந்த உவர்மண்ணுப் புல்லை மேஞ்சா, பால்ல கால்சியம் எப்படி இருக்கும்?" என்றேன் கணவரிடம்.

"அப்ப மாடே சரியில்லன்ற."

"நான் அப்படிச் சொல்லலீங்க."

"பின்ன எப்படிச் சொன்ன? நல்ல பால்னா கட்டும், இது கட்ட மாட்டேங்குது. சத்தில்லாத மாட்டுக்குத் தீனி வேற போட்டுட்டு இருக்கறோம்."

கொல்லைப் பக்கம் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றுபோனது. கொஞ்ச நேரம் கழித்து மாமியார் உள்ளே வந்தார். "இந்தச் செவலையோட ஆத்தா பாலைக் குடிச்சுத்தான் உம் புருஷன் வளந்தான். இத்தினி வருசத்துல எம்மாட்டுப் பால்ல சத்தில்லன்னு ஒருத்தர் சொன்னதில்லம்மா" என்றார். இருந்தாலும் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க எனக்கு வரவில்லை. பிடிவாதம் என் பிறந்த வீட்டுச் சீர். அதற்குப் பதிலாக, மாட்டிடம் இல்லாத கால்சியத்தை நானே கொண்டுவந்து காட்டுகிறேன் என்று கிளம்பினேன்.

கால்சியம் குளோரைடு வாங்கப் புதுச்சேரிக்கு பஸ் ஏறினால், அந்த முதலாளி முன்னால் என் சிரிப்பை நானே விழுங்க வேண்டும். அதனால் உப்பளத்துக்கு நடந்தேன். பாத்தியில் உப்பை வாரிய பிறகு கொஞ்சம் தண்ணீர் மிஞ்சும். எண்ணெய் மாதிரி கனத்து, தொட்டு நக்கினால் குடலைப் புரட்டுகிற கசப்பு. அதை விட்டுவைத்தால் அடுத்த உப்பு கசந்துபோகும் என்று வாய்க்காலில் திறந்துவிட்டுவிடுவார்கள். கடலின் தாதுக்களெல்லாம் சுண்டிச் சுண்டி இதில்தானே இருக்கும் என்று ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு வந்தேன்.

நான் கல்லூரியில் படித்ததை இங்கே சொல்லாவிட்டால் என் ஆசிரியர்களுக்குத் துரோகம் செய்தவளாவேன். கடல் தண்ணீர் வற்ற வற்ற முதலில் படிவது ஜிப்சம். கால்சியத்தில் பெரும்பகுதி அதோடு போய்விடும். அப்புறம்தான் உப்பு படியும். கடைசியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரில் இருப்பது பெரும்பாலும் மெக்னீசியம். இதைப் பரீட்சையில் படம் போட்டு எழுதி நல்ல மார்க் வாங்கியவள் நான். பாத்திகளுக்கு நடுவே நடந்து வந்தபோது காலில் நறநறவென்று மிதிபட்ட வெள்ளை ஏடு முழுக்க ஜிப்சம். கால்சியத்தை மிதித்துக்கொண்டே போய், கால்சியம் இல்லாத தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

பாலில் அதை ஊற்றினேன். வழக்கம்போல் கட்டவில்லை. உப்பு அதிகமானால் ரென்னெட்டின் வேகமும் படுத்துவிடும். எனக்கு வெறி பிடித்துவிட்டது. பாலை நன்றாகச் சூடாக்கி, இன்னும் தாராளமாக ஊற்றினேன். அட, பால் திரிந்தது! திரிந்ததை வடிகட்டி, துணியில் மூட்டை கட்டி, மேலே அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தேன். சாயங்காலம் பிரித்தால் வெள்ளையாக ஓர் உருண்டை. எனக்கு ஆனந்தக் கண்ணீர் வந்துவிட்டது.

கணவர் ஒரு துண்டு வாயில் போட்டார். முகம் கோணிக்கொண்டு போனது. "கசக்குதா?" என்றேன். "இல்லல்ல, ஒரு மாதிரி நல்லாத்தான் இருக்குது" என்று இன்னொரு துண்டையும் எடுத்துக்கொண்டார். என் மனசு நோகக் கூடாது என்று பாதி உருண்டையைத் தின்று முடித்தார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் என் மேல் வைத்திருக்கிற பிரியத்துக்கு அதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தேவையில்லை.

மெக்னீசிய உப்பைப் பேதிக்குக் கொடுப்பார்கள் என்பதும் நான் படித்ததுதான். மறுநாள் அவர் உப்பளத்துக்குப் போகவே இல்லை. பிற்பகலுக்கு மேல் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கட்டிலில் விழுந்தார். மாமியார் கஞ்சித் தண்ணீரில் உப்பு போட்டுக் கொடுத்தார். கணவர் கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"எம்மா, நாளைக்குத் தரகரை வரச் சொல்லி ஆளனுப்பிட்டேன். மாடும் வேணாம், சீஸும் வேணாம். எனக்கு உசுரு வேணும்."

அன்று ராத்திரி மழை பிடித்துவிட்டது. அவர் கொடுத்த கெடுவும் முடிந்தது.

காலையில் எழுந்தபோது கொல்லையெல்லாம் தண்ணீர். மாமியார் கறந்துவிட்டுத் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நேராகச் சமையலறைக்கு வந்தார். தூக்கை என் முன்னால் வைத்தார். "இந்தா. கடைசிப் பாலு. இன்னா வேணா பண்ணிக்க" என்றார். கண் சிவந்து வீங்கியிருந்தது. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தப் பாலைக் காப்பி போட்டு எல்லோருக்கும் கொடுத்திருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். ஆனால் டப்பாவின் அடியில் கொஞ்சம் ரென்னெட் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டிக் கரைத்து ஊற்றிவிட்டு, தட்டைப் போட்டு மூடினேன். நம்பிக்கையெல்லாம் ஒன்றும் இல்லை. டப்பாவை வீணாக்கக் கூடாதே என்கிற எண்ணம்தான்.

தரகர் குடை பிடித்துக்கொண்டு வந்தார். தடித்த ஆள், வெற்றிலை வாய். கொட்டகைக்குப் போய்ச் செவலையின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார், மடியைத் தடவினார், வாலை முறுக்கினார். என்னை அண்டவிடாத மாடு அவரிடம் சாதுவாக நின்றது. எனக்கு அப்போதுகூடச் சுருக்கென்றது. மாமியார் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். "பாலு எப்படிம்மா?" என்று தரகர் கேட்டதற்குக் கணவர், "பாலு சுமார்தான். சத்து கம்மின்னு சொல்றாங்க" என்றார். சொல்கிறவர்கள் யார் என்று சொல்லவில்லை. மாமியார் மாட்டின் காதை அந்தப் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். தரகர் துண்டை எடுத்தார். துண்டுக்கு அடியில் இருவர் கையும் விரலைப் பிடித்து விலை பேச ஆரம்பித்தன.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உள்ளே ஓடினேன். அழுகிற இடத்திலும் கை சும்மா இருக்காதே, தட்டைத் தூக்கிப் பார்த்தேன்.

பால் அசையவில்லை.

பாத்திரத்தைச் சாய்த்தேன். ஒட்டுமொத்தமாக ஓரத்தை விட்டு விலகி நின்றது. கத்தியை விட்டு லேசாகத் தூக்கினேன். பளிச்சென்று ஒரு பிளவு. பிளவில் லேசான பச்சை நிறத்தில் தெளிந்த தண்ணீர். பயிற்சி வகுப்பில் காட்டினார்களே, அச்சு அசல் அதே மாதிரி. அதே மாடு, அதே பொடி, அதே தண்ணீர், அதே அரைகுறை நான். அப்படியென்றால் இன்று என்ன வேறு? குனிந்து மோந்து பார்த்தேன். புகை வாசனை இல்லை. கொல்லையைப் பார்த்தேன். குளிக்க வெந்நீர் போடுகிற விறகடுப்பு மழையில் ஊறிக் கிடந்தது.

செருப்புகூடப் போடாமல் கொட்டகைக்கு ஓடினேன். "அத்தை! இன்னைக்குப் பாலை இன்னா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலியே. அடுப்பு எரியல. எரிஞ்சாலும் எனக்கு மனசில்ல. அப்படியே கொண்டாந்து குடுத்துட்டேன்."

"தினமும் இன்னா பண்ணுவீங்க?"

"இது இன்னாடி கேள்வி? நல்லா பொங்கப் பொங்க ரெண்டு வாட்டி காய்ச்சி, ஏடு எடுத்து, ஆத்தித் தருவேன். நீதானே கிருமி கிருமின்னு கத்தன? அதுக்குத்தான் ரெண்டு வாட்டி."

துண்டுக்கு அடியில் கணவரின் கை அப்படியே நின்றது. "அப்ப காலைல நீ எனக்குக் குடுத்த ஏடு…" என்று ஆரம்பித்து, தன் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இத்தனை நாளும் என் கண்ணெதிரே கிண்ணத்தில் சர்க்கரை போட்டுத் தின்றுகொண்டிருந்தாரே, அது பாலேடு. அதைப் பார்த்துக்கொண்டே நான் கறந்த சூடு பற்றிப் பேசியிருக்கிறேன்.

காய்ச்சிய பாலில் சீஸ் கட்டாது என்பது பயிற்சியின் முதல் நாள் முதல் பாடம். கொதித்த பாலில் இன்னொரு புரதம் வெந்து, அந்த உருண்டைகள் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். ரென்னெட்டின் கத்தி உள்ளே சரியாகப் போகாது. அப்படியே கொஞ்சம் சிரைத்தாலும் உருண்டைகளால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள முடியாது. கால்சியமும் கொஞ்சம் பிரிந்து படிந்து உதவாமல் போய்விடும். தயிருக்கு அப்படிக் காய்ச்சுவதுதான் நல்லது, அந்த ஒட்டிய புரதம்தான் தண்ணீரைப் பிடித்துவைத்துத் தயிரைக் கெட்டியாக்கும். இதையெல்லாம் நான் வகுப்பில் எழுந்து நின்று ஒப்பித்திருக்கிறேன். ஆனால் நம் வீடுகளில் பால் என்றாலே காய்ச்சிய பால்தான். காய்ச்சாததற்குத்தான் பச்சைப்பால் என்று தனியாகப் பெயர் சொல்ல வேண்டும். நான் மாமியாரிடம் கிருமியைப் பற்றி அவ்வளவு பேசினேன், காய்ச்சாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பால் உள்ளே வந்ததும் அடுப்பில் ஏறும் என்பது எனக்கே தெரியாத விஷயமா? நான் பிறந்த வீட்டிலும் அப்படித்தானே?

"என்னங்க, கட்டிடுச்சு" என்றேன். "உள்ள வந்து பாருங்க. கத்தி நிக்குது."

அவர் வந்து பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். ருசி பார்க்கச் சொல்வேனோ என்று பயந்து சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். பிறகு கொட்டகைக்குப் போய், "அண்ணே, தப்பா நினைச்சுக்காதீங்க. மாடு குடுக்கல" என்றார். தரகருக்குக் கோபம் வந்தது. "ஏம்பா, மழையில இம்மாந் தூரம் வரவச்சிட்டு விளையாடறீங்களா? பாலு கட்டிச்சு, கட்டலன்னு இதெல்லாம் ஒரு பேச்சா?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவருக்குக் கொடுக்கக் காப்பிக்குக்கூடப் பால் இல்லை, எல்லாம் கட்டியாக நின்றது. கருப்பட்டி போட்டுக் கடுங்காப்பி கொடுத்து அனுப்பினேன்.

இனி மாமியாரிடம் நான் எப்படிப் பேசுவது என்றே புரியவில்லை. நீங்கள் காய்ச்சியதால்தான் எல்லாம் கெட்டது என்று சொன்னால் அவர் உடைந்துபோவார் என்று பயந்தேன். அவர் என் சீஸுக்காக விறகை எரித்து, கையைத் தேய்த்தவர். முழுக்க என் புத்திகெட்டத்தனம்தான், உங்கள் மேல் தப்பில்லை, நான்தான் சொல்லவில்லை என்று இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். இனிமேல் கொதிக்க விடாமல், கை பொறுக்காத சூட்டில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் கிருமியும் போகும், பாலும் கட்டும் என்றும் சொன்னேன். அவர் எதையும் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. நான் பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்போ மாட்டு மேல தப்பு இல்லியே?"

"இல்ல அத்தை."

"பால்ல சத்து இருக்குது?"

"நிறைய இருக்குது. தீனியில கொறைஞ்சாலும் தன் எலும்புல இருந்து எடுத்தாவது மாடு பால்ல சேத்துடும் அத்தை. நான்தான் தெரியாம பேசிட்டேன்."

அவர் அழுதுவிட்டார். அத்தனை நாளும் அடக்கிவைத்த அழுகை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? அதாண்ட சொல்லு. நீ சொன்னதை அதுவும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு."

"அத்தை, மாட்டுக்கு இன்னா தெரியும்…"

"சொல்லுடி."

கணவர் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மழை என் தலையில் சொட்டிக்கொண்டிருந்தது. வேதியியல் பட்டதாரி, பால் பொருட்கள் பயிற்சி முடித்தவள், செவலையின் முன்னால் போய் நின்றேன். "உம்மேல தப்பு இல்ல" என்றேன். மாமியார் அதன் காதருகே குனிந்து, "கேட்டியாம்மா? உம்மேல தப்பு இல்லியாம்" என்று திரும்பவும் சொன்னார். நான் கையை நீட்டி அதன் நெற்றியைத் தொட்டேன். செவலை அன்றைக்குக் காலைத் தூக்கவில்லை.